உப்பு ஏறிய சுவரும் வீடு பார்க்க வருபவர்களும்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊரான தேவிபட்டினத்தில் வீடு பார்க்க வருபவர்கள், செருப்பைத் திண்ணையோரம் விட்டுவிட்டு உள்ளே நுழைந்ததும், பட்டாசாலை என்று நாங்கள் சொல்லும் கூடத்தின் சுவர் அடிப்பகுதியை உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கிறார்கள். தரையும் கதவும் சுவரின் நிறமும் அவர்கள் கண்ணில் படுவது அதற்குப் பிறகுதான். கையில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா, சுவர் குளிர்ந்திருக்கிறதா, விரல் முட்டியால் தட்டினால் பூச்சு பொள்ளென்று ஒலிக்கிறதா என்று பார்க்க இந்தக் கரையில் பிறந்த எவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா காலமாகி, அம்மா மதுரையில் அக்கா வீட்டோடு இருக்க ஒப்புக்கொண்ட பிறகு, தாத்தா கட்டிய எங்கள் வீட்டை விற்பது என்று உடன்பிறந்த மூவரும் சேர்ந்து முடிவு செய்தோம். அண்ணன் வெளிநாட்டில் இருப்பதாலும், நான் ராமநாதபுரத்திலேயே குடியிருப்பதாலும், வருபவர்களின் பார்வைக்கு வீட்டைத் தயார் செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. இதே வேலையை எதிர்நோக்கியிருக்கும் கரையோரக் குடும்பங்கள் பல இருப்பதை நான் அறிவேன். அவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், செய்ததையும் அப்படிச் செய்ததன் காரணத்தையும் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வந்து பார்த்த தரகர் அனுபவமுள்ள மனிதர். வீட்டைச் சுற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "தங்கச்சி, கீழே மூணடிக்கு டைல்ஸ் ஒட்டிருங்க. மேலே ரெண்டு கோட்டு எமல்ஷன் அடிச்சிட்டா வீடு புதுசாத் தெரியும். செலவும் கம்மி, விலையும் ஏறும்" என்றார். இந்த வட்டாரத்தில் விற்பனைக்கு வரும் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் தயாராகின்றன என்று அவரே சொன்னார். நான் மறுத்துவிட்டேன். கடலுக்கு அருகில் பல பத்தாண்டுகள் நின்ற சுவரில் உப்பு இருக்கும் என்பது வாங்குபவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அந்த உப்பு எங்கே இருக்கிறது, எதுவரை ஏறியிருக்கிறது, அதை அடக்க நாம் என்ன செய்திருக்கிறோம் என்பவை பார்த்தவுடன் புரியும்படி வீட்டை வைத்திருப்பதுதான் தயார் செய்தல் என்று நான் நினைக்கிறேன். அப்படி வைத்திருந்தால் விலை படியாது என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

உப்பு சுவரில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் டைல்ஸும் எமல்ஷனும் ஏன் உதவாது என்பது விளங்கும். நிலத்தடி ஈரம் அடித்தளத்தின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. எங்கள் கரையில் அந்த ஈரம் உப்பு நீராகவே ஏறுகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகும்போது உப்பு மட்டும் தங்கிப் படிகமாக வளர்கிறது, வளரும் படிகம் பூச்சின் துளைகளை உள்ளிருந்து நெருக்கி உடைக்கிறது. இதோடு, சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும்; அதற்குக் கீழே இறங்கினால் மறுபடியும் படிகமாகும். கடற்கரையில் இரவும் அதிகாலையும் பெரும்பாலும் அந்த அளவுக்கு மேலேயும், வெயில் ஏறிய நண்பகல் பெரும்பாலும் அதற்குக் கீழேயும் இருப்பதால், மழையே பெய்யாத மாதங்களிலும் சுவருக்குள் உப்பு கரைவதும் இறுகுவதும் மாறிமாறி நடந்துகொண்டே இருக்கிறது. ஐப்பசியில் தொடங்கித் தை வரை வீசும் வாடைக்காற்று, பாக் நீரிணை பக்கமுள்ள எங்கள் ஊர் போன்ற ஊர்களில், கடல் திவலையை நேராகச் சுவர்களின் மேல் கொண்டுவந்து சேர்க்கிறது.

இப்படிப்பட்ட சுவரின் மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள சாயத்தைப் பூசினால், வெளியேற வேண்டிய ஈரம் உள்ளே தங்கி, சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிகிறது. டைல்ஸ் ஒட்டினால் ஈரம் அதற்கு மேலே ஏறி, மூன்றடியில் நின்ற கறை ஐந்தடிக்குப் போகிறது. ஊரில் பல வீடுகளில் டைல்ஸ் வரிசைக்குச் சற்று மேலே சுவர் பொரிந்து கிடப்பதன் காரணம் இதுதான். சிமென்ட் பூச்சும் ஏறக்குறைய இதே தீங்கைச் செய்கிறது. சுண்ணாம்புக் காரையால் கட்டிய பழைய சுவர் ஈரத்தை வாங்கவும் விடவும் பழகியது. அதன் மேல் இறுகிய சிமென்ட்டைப் பூசும்போது ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது.

சட்டமும் இந்த விஷயத்தில் பேசுகிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியமான குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. வெளிப்படுத்தாமல் விடுவதை மோசடியாகவே கருதுகிறது. உப்பு பூத்த சுவர் கண்ணுக்குத் தெரியும் குறை. அதன் மேல் டைல்ஸ் ஒட்டும் நாளில் அது கண்ணுக்குத் தெரியாத குறையாகிறது, சொல்ல வேண்டிய கடமையும் நம் தலைமேல் வந்து விழுகிறது. இதை அண்ணனுக்குத் தொலைபேசியில் விளக்கியபோது, தரகரின் யோசனைப் பக்கம் சாய்ந்திருந்த அவரும், "சரி, நீ நெனைக்கிற மாதிரியே செய், பாப்பா" என்று விட்டுவிட்டார்.

சுவர் வேலைக்குப் பழைய சுண்ணாம்புக் காரை தெரிந்த கொத்தனார் ஒருவர் கிடைத்தது எங்கள் நல்லூழ். அவரும் ஒரு சித்தாளும் சேர்ந்து, ஈரம் ஏறிய கோட்டுக்கு மேலும் ஓரடி வரை பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். கொத்திய தூசியை உடனுக்குடன் சாக்கில் அள்ளி வெளியேற்றச் சொன்னார் அவர். அந்தத் தூசியில்தான் உப்பு இருக்கிறது, தரையில் கிடந்தால் திரும்பவும் சுவருக்கே போகும் என்றார். பிறகு சுவரைத் தண்ணீரால் கழுவாமல், காய்ந்த தென்னந்துடைப்பத்தால் நாள்தோறும் தேய்த்துத் துடைத்தோம். கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய்விடும். காய்ந்த துடைப்பத்தால் தேய்த்தால் பொடியாக வெளியே வரும். பூச்சில்லாத சுவர் திறந்தபடியே உலரட்டும் என்று பல வாரங்கள் விட்டுவைத்தோம். விற்க அவசரப்படும் குடும்பத்துக்கு இந்தக் காத்திருப்பு கடினமானது, ஆனால் முழு வேலையிலும் பயன் தருவது இதுதான். ஈரச் சுவரின் மேல் எதைப் பூசினாலும் அது நிற்காது.

பூச்சுக்கான சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துக் குழைத்தார் கொத்தனார். மணல் ஆற்று மணலாக இருக்க வேண்டும் என்பதிலும், குழைக்கும் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும் என்பதிலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் கிணற்று நீர் உவர்ப்பு என்பதால் வண்டித் தண்ணீர் வாங்கினோம். உப்பை எடுத்த இடத்தில் உப்புத் தண்ணீரால் பூசுவது, எடுத்த உப்பைத் திரும்ப வைப்பதுதான். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும் என்பதால் ஒவ்வொரு பூச்சுக்கும் நாள் கொடுக்க வேண்டியிருந்தது. மேலே மெல்லிய வெள்ளை, சிறிது நீலம் கலந்து, ஒன்று காய்ந்த பின் அடுத்தது என்று அடித்தோம். வேலை முடிந்து நின்று பார்த்தபோது வீடு புதிதாகத் தெரியவில்லை. நன்றாகப் பராமரிக்கப்பட்ட பழைய வீடாகத் தெரிந்தது. அப்படித்தான் தெரிய வேண்டும் என்று நான் விரும்பினேன்.

பின்கட்டுச் சுவரில் ஓரிடத்தை மட்டும் பூசாமல் விட்டோம். அங்கே சுவர் எதனால் ஆனது என்று பார்க்கலாம்: செங்கல் வரிசைகளுக்கு இடையே வெளிறிய, துளை துளையான பவளக்கற்கள். இந்தக் கரையின் பழைய கட்டடங்களில் பவளக்கல் பரவலாகப் பயன்பட்டது. கீழக்கரை, மண்டபம், ராமேசுவரம் பக்கமெல்லாம் இடிந்த பழஞ்சுவர்களில் இன்றும் அதைக் காணலாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடற்பகுதியும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. எனவே புதிதாகப் பவளக்கல் எடுப்பது இன்று தண்டனைக்குரிய குற்றம். வாங்குபவருக்கு இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சுவரில் ஒரு பகுதி சரிந்தால் அதே கல்லைக் கொண்டு நிரப்ப முடியாது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டுதான் கட்ட வேண்டியிருக்கும். திறந்துவிட்ட அந்த இடத்தின் முன் வந்தவர்கள் நின்ற நேரம், வீட்டின் வேறெந்த இடத்திலும் நின்ற நேரத்தைவிட அதிகம்.

கான்கிரீட் பகுதிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அப்பா பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய குளியலறையிலும் சன்னல் மேல்தட்டுகளிலும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே தெரிந்தது. உப்புக் காற்றில் இது தவிர்க்க முடியாதது. முதலில் சாகும் பகுதி, தாத்தாவின் சுண்ணாம்புச் சுவரைக் காட்டிலும் நாற்பது ஐம்பது வயது இளைய இந்தக் கான்கிரீட்தான். வருபவர்களின் தலையில் விழக்கூடிய துண்டுகளை உடைத்து எடுத்துவிட்டோம். மேலே சிமென்ட் பூசி மூடவில்லை. சரிசெய்ய என்ன செலவாகும் என்று கொத்தனாரிடம் கணக்கு எழுதி வாங்கி, பேரம் தொடங்கும்போது அந்தத் தாளையே எடுத்து வைத்தோம்.

தண்ணீர் இரண்டாவது கேள்வி. சில வீடுகளில் அதுவே முதல் கேள்வி. ராமநாதபுரம் மாவட்டத்துக்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு குடிக்கும் தண்ணீரின் கவலை ஓரளவு குறைந்திருக்கிறது என்றாலும், குளிக்கவும் துவைக்கவும் செடிகளுக்கு ஊற்றவும் கிணறோ ஆழ்துளைக் குழாயோதான் துணை. கிணற்றைத் தூர்வாரி, கைப்பிடிச் சுவரை வெள்ளையடித்து, நீரை மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, அந்த அறிக்கையைக் கோப்பில் வைத்தேன். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு ஆதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளத்தக்கது. எங்கள் கிணறு இரண்டையும் தாண்டியது. அதை அறிக்கையில் உள்ளபடியே காட்டினோம். வருபவர்கள் எப்படியும் ஒரு வாளி இறைத்து வாயில் ஊற்றிப் பார்ப்பார்கள். நாக்கு சொல்லப்போகும் செய்தியை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, கீழ்த்தொட்டி எவ்வளவு கொள்ளும் என்பதையும் ஒரு தாளில் எழுதி மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். வந்தவர்களில் பெண்கள் அந்தத் தாளைத்தான் நின்று படித்தார்கள்.

கொல்லையில் சீமைக்கருவேலம் ஆளுயரம் மண்டியிருந்தது. ஆள் குடியில்லாத மனை எதையும் இந்த மாவட்டத்தில் அது விட்டுவைப்பதில்லை. வெட்டினால் தூரிலிருந்து மறுபடியும் தழைக்கும் என்பதால் தூரோடு பெயர்த்தெடுக்கச் செய்தோம். எல்லைக்கல் நான்கும் வெளியே தெரிந்ததும், மனை எவ்வளவு பெரியது என்பது எங்களுக்கே அப்போதுதான் உறைத்தது. அளவையரை அழைத்து எல்லையை உறுதி செய்துகொள்வது நல்லது. பக்கத்து வீட்டாருடன் மனத்தாங்கல் எதுவும் இருந்தால், வாங்குபவர் வருவதற்கு முன்பே அதைப் பேசித் தீர்த்துவிட வேண்டும்.

இனி வீட்டுக்குள் இருந்த பொருள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. பட்டாசாலையில் அப்பாவின் படம், அதற்கு மேலே தாத்தாவும் அப்பத்தாவும், நிலைக்கு மேலே எங்கள் மூவரின் திருமணப் படங்கள், அம்மாவின் தையல் மிஷின், பரணில் அண்டா குண்டான், அடுப்படியில் ஆட்டுக்கல். வாங்க வருபவர் ஒரு வீட்டைப் பார்க்கும்போது தன் பிள்ளைகள் எங்கே படுப்பார்கள், தன் பூசை எங்கே வைப்பது, பீரோ எந்தச் சுவரில் நிற்கும் என்று மனத்துக்குள் குடியேறிப் பார்க்கிறார். சுவரெங்கும் நம் வீட்டு முகங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அவருக்கு அதற்கு இடமிருக்காது; பிறர் வீட்டில் விருந்தாளியாக நிற்கும் கூச்சத்தோடு சீக்கிரம் வெளியேறிவிடுவார். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அக்காவும் நானும் தயங்கிக்கொண்டிருந்தோம். கடைசியில் அம்மாவே தொடங்கினார்.

"உங்க அப்பா படத்தை எங்கே வெக்கப் போறீங்க?"

"மதுரைக்கு எடுத்துட்டுப் போயிரலாம்மா. அக்கா வீட்டு ஹால்ல வெப்போம்."

"எல்லாத்தையும் எடுத்துட்டா வீடு அனாதை மாதிரி ஆயிரும்டி. விளக்கு மாடத்தை மட்டும் எடுக்காதீங்க. விளக்கேத்தாத வீட்டுக்குள்ள எவளும் குடிவர மாட்டா."

அம்மா சொன்னது சரியான கணிப்பு. பூட்டிக் கிடக்கும் வீட்டைவிட, மாலையில் விளக்கெரியும் வீட்டின் மேல் இங்கே மக்களுக்கு நம்பிக்கை அதிகம். படங்களையும் துணிமணிகளையும் மதுரைக்கு அனுப்பினோம். விளக்கு மாடத்தையும் ஊஞ்சலையும் ஒரு கட்டிலையும் இரண்டு நாற்காலிகளையும் விட்டு வைத்தோம். அறை முற்றிலும் காலியாக இருந்தால் அதன் அளவு கண்ணுக்குப் பிடிபடாது, சிறியதாகவே தோன்றும். ஒரு கட்டில் கிடந்தால் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று உடனே தெரியும். எதிர்வீட்டுச் சித்தி காலையில் வாசல் தெளித்துக் கோலமிடவும், மாலையில் விளக்கேற்றவும் ஒப்புக்கொண்டார். அந்த அம்மையாருக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது.

காற்றோட்டத்தையும் அவரே பார்த்துக்கொண்டார். பூட்டிய கடலோர வீட்டில் ஒருவித நாற்றம் தங்கும்: ஈரச் சுண்ணாம்பும், மரத்தில் ஏறிய பூஞ்சணமும், ஓட்டுக்கடியில் ஒதுங்கிய வௌவாலும் சேர்ந்த நாற்றம் அது. சாம்பிராணி போட்டு அதை மறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வந்தவருக்கோ, எதையோ மறைக்கிறார்கள் என்ற ஐயம்தான் வரும். காலையில் கடல் பக்கச் சன்னல்களையும், வெயில் ஏறிய பிறகு மேற்குச் சன்னல்களையும் திறந்துவைத்து, சில வாரங்கள் காற்றை நடமாட விட்டபோது நாற்றம் தானாகப் போய்விட்டது. கச்சான் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மட்டும் மேற்குச் சன்னல்களை அடைத்துவைக்க வேண்டும், இல்லையென்றால் வீடெங்கும் செம்புழுதி. வௌவால் புகும் ஓட்டையை, இரவில் அவை வெளியே போன பின், வலையடித்து மூடினோம். உத்திரங்களிலும் பனஞ்சட்டங்களிலும் கரையான் ஏறியிருக்கிறதா என்று ஆசாரி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, உளுத்துப்போன சட்டங்களை மாற்றிக் கொடுத்தார். மாற்றியவை புது மரமாகத் தனித்துத் தெரிந்தன. சாயமடித்துப் பழசோடு ஒன்றாக்கவில்லை.

எப்போது காட்டுவது என்பதிலும் யோசனை வேண்டும். ஆடியில் யாரும் வீடு பேசமாட்டார்கள், மார்கழியிலும் பெரும்பாலும் அப்படித்தான். தை பிறந்ததும் வரத்தொடங்குவார்கள். ராகு காலத்திலும் எமகண்டத்திலும் வரமாட்டார்கள் என்பதால் நேரத்தை நாமே முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொண்டால் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் ஊருக்கென்று தனியாக ஒன்று உண்டு. கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் ஒன்பது கற்களான நவபாஷாணத்தை வணங்கவும், பித்ருக் கடன் செலுத்தவும் நாள்தோறும் வெளியூர் மக்கள் வருகிறார்கள். ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் தெருவில் வண்டி நிறுத்த இடமிருக்காது. விடியற்காலையிலிருந்தே பேச்சொலியும் வாகன ஒலியும் இருக்கும். வீடு பிடித்திருக்கிறது என்று சொன்ன ஒவ்வொருவரையும், ஒரு சாதாரண நாளில் ஒருமுறையும் அமாவாசையன்று ஒருமுறையும் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். அமைதி வேண்டும் என்று வந்த ஒரு ஓய்வுபெற்ற தம்பதியர் அமாவாசைக்குப் பிறகு விலகிக்கொண்டார்கள். யாத்திரிகர் தங்கும் விடுதி நடத்த நினைத்த வேறொருவருக்கு அந்தக் கூட்டமே பிடித்துப்போனது. இருவருக்கும் உண்மை முன்பே தெரிந்தது நல்லதாயிற்று.

விடுதி எண்ணத்தோடு வருபவர்களிடம் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளைப் பற்றிப் பேசாமல் இருக்கக் கூடாது. 1991இல் முதன்முதலாக வந்த அறிவிக்கையும் பின்னர் வந்த திருத்தங்களும், உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்தில் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்துகின்றன. இருக்கும் வீட்டில் குடியிருப்பது வேறு, அதை இடித்து மூன்று மாடி எழுப்புவது வேறு. எங்கள் வீடு கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைச் சொல்லி, புதிதாகக் கட்டுவதானால் உரிய அனுமதியைப் பற்றி முதலில் விசாரித்துவிட்டு வாருங்கள் என்று சொன்னேன்.

பத்திரங்களைத் தயார் செய்வதையும் வீட்டைத் தயார் செய்வதன் பகுதியாகவே நான் கருதுகிறேன். பட்டாசாலை நாற்காலியில் ஒரு கோப்பு எப்போதும் இருந்தது: தாத்தா மனை வாங்கிய மூலப்பத்திரத்தின் நகல், அவர் அப்பாவுக்கு எழுதிக்கொடுத்த செட்டில்மென்ட் பத்திரத்தின் நகல், பட்டா, வில்லங்கச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்று, வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்று, வீட்டு வரி, மின் கட்டண ரசீதுகள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சொத்தில் அம்மாவுக்கும் பிள்ளைகள் மூவருக்கும் சமபங்கு. ஆகவே நான்கு கையெழுத்தும் வேண்டும், வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் வழியாக அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும் என்பதை வந்தவர்களிடம் தொடக்கத்திலேயே சொன்னோம். பெண்மக்கள் கையெழுத்துப் போடுவார்களா என்பது இந்தப் பக்கத்தில் வாங்குபவர்களுக்கு உள்ளூர இருக்கும் பயம். பங்குதாரியான நானே கதவைத் திறந்து வீட்டைச் சுற்றிக்காட்டியபோது அந்தப் பயம் பாதி தீர்ந்தது. முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, 2023க்குப் பிறகு பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு என்பதால், தங்கள் கையிருப்பில் அதற்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணக்குப் போடுபவர்களுக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பின் தாளும் கோப்பில் இருந்தது.

உள்ளூர்க்காரர் கேட்கும் கேள்விகளும் வெளியூர்க்காரர் கேட்கும் கேள்விகளும் வேறு வேறு. உள்ளூர்க்காரர் உப்பையும் தண்ணீரையும் பங்காளியையும் பற்றிக் கேட்பார். மதுரையிலிருந்தோ பரமக்குடியிலிருந்தோ வருபவர், 1964இல் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றியும் 2004 சுனாமியைப் பற்றியும் கேட்பார். 2004இல் இலங்கைத் தீவு மறித்து நின்றதால் பாக் நீரிணைக் கரையில் அலையின் வேகம் பெரிதும் தணிந்தது என்பதையும், 1964இன் புயலில் ஓடுகள் பறந்தும் சுவர்கள் நின்றன என்று தாத்தா சொல்லக் கேட்டிருப்பதையும் சொன்னேன். இனி வராது என்று ஒருபோதும் சொல்லவில்லை, யாராலும் சொல்ல முடியாது. மழைக்காலத்தில் தெருவில் எதுவரை தண்ணீர் நிற்கும் என்பதை வாசற்படியில் கை வைத்தே காட்டினேன்.

சுற்றிக்காட்டும்போது அதிகம் பேசாமல் இருக்க நான் முயன்றேன். ஒருமுறை எல்லா அறைகளையும் காட்டி, குறைகளை அந்தந்த இடத்தில் நின்று சொல்லிவிட்டு, "நீங்க நிதானமாப் பாருங்க, நான் திண்ணையில இருக்கேன்" என்று வெளியே வந்துவிடுவேன். கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொள்ள இடம் வேண்டும். நாம் பின்னாலேயே நடந்தால் பிடித்ததையும் சொல்லமாட்டார்கள், பிடிக்காததையும் சொல்லமாட்டார்கள். பெரியபட்டினத்திலிருந்து வந்த ஒரு பாய் குடும்பத்தினர் அப்படி உள்ளே நீண்ட நேரம் இருந்தார்கள். வெளியே வந்த அந்த அம்மா என் அருகில் உட்கார்ந்து, "எங்க வாப்பா வீடும் இதே கல்லுதாம்மா. டைல்ஸ் ஒட்டிப் பாழாப் போச்சு. இதை ஏன் நீங்க ஒட்டல?" என்று கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். மறுவாரம் அவர்களே விலை பேச வந்தார்கள். கான்கிரீட் பழுதுக்கான கொத்தனார் கணக்கை அப்படியே கழித்துக்கொண்டார்கள். சுவருக்கென்று ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. தரகர் முதலில் மதிப்பிட்ட விலைக்குச் சற்று மேலேயே பேச்சு படிந்தது.

ஒப்பந்தம் எழுதும்போது ஒரு சிறு பிணக்கு எழுந்தது. ஊஞ்சலைத் தனக்கு வேண்டும் என்று மதினி அண்ணன் மூலமாகக் கேட்டார். அது நியாயமான ஆசை. பர்மாத் தேக்குப் பலகை, பித்தளைச் சங்கிலி. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஊஞ்சல் தொங்கும் பட்டாசாலையைத்தான் பார்த்திருந்தார்கள். காட்டும்போது இருந்தது கொடுக்கும்போதும் இருக்க வேண்டும், எடுப்பதானால் முதல் ஆள் பார்க்க வருவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். முன்பணத்துக்கும் கிரயத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் சொத்தைக் கவனமுள்ள உரிமையாளரைப் போலப் பேண வேண்டிய கடமையையும் அதே 55ஆம் பிரிவு விற்பவர் மேல் வைக்கிறது. வாங்குபவரிடம் பேசிப் பார்த்தோம். அவர்கள் ஊஞ்சல் தங்களுக்கு வேண்டும் என்றார்கள், தையல் மிஷினையும் ஆட்டுக்கல்லையும் நாங்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஊஞ்சல், விளக்கு மாடத்தின் கதவு, மோட்டார், கீழ்த்தொட்டியின் மூடி, மின்விசிறிகள் என்று வீட்டோடு போகும் ஒவ்வொன்றையும் ஒப்பந்தத்தின் அட்டவணையில் எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டோம். கிரயம் வரை எதிர்வீட்டுச் சித்தி சன்னல்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். மீதமிருந்த சுண்ணாம்பை ஒரு மண்பானையில் நீரூற்றி மூடி, எப்படிக் கரைத்து அடிப்பது என்று கொத்தனார் சொன்ன முறையை எழுதி, பெரியபட்டினத்தாருக்காகக் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டோம்.